நொதியை அளக்காத சோதனை

அவசோபாசெம் மாங்கனீஸுக்கு 2023 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி மறுத்தது. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் (எஸ்.ஓ.டி.) நொதியின் வேலையைச் செய்யும் இந்தச் சிறு மூலக்கூறு, தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்குக் கதிர்சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைக் குறைக்க உருவானது. அதன் ‘ரோமன்’ என்ற மூன்றாம் கட்டச் சோதனையில் மருந்து பெற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்கும், போலி மருந்து பெற்றவர்களில் 64 விழுக்காட்டினருக்கும் கடும் புண் வந்தது. பி மதிப்பு 0.045. சான்று போதாது, இன்னொரு சோதனை வேண்டும் என்றது நிர்வாகம். மறுப்பு நியாயமே. விளிம்பில் நிற்கும் எண்ணை நம்பி ஏழு வாரம் சிரையில் மருந்தேற்றச் சொல்ல முடியாது.

ஆனால் எப்படிப்பட்ட சோதனை? ரோமனில் இருந்ததைப் போல, அதே வடிவில் இன்னும் 455 பேரைச் சேர்த்தால் தலைகள் கூடும், தெளிவு கூடாது. இந்த மருந்து சூப்பர்ஆக்சைடைப் பெராக்சைடாக்குகிறது. காட்டலேஸும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸும் அதை உடைத்தால்தான் செல்லுக்குப் பாதுகாப்பு. அவை குறைந்த செல்லில் பெராக்சைடு தேங்கி, இரும்போடு சேர்ந்து ஹைட்ராக்சிலாகி, டி.என்.ஏ.வையே தாக்கும். ட்ரைசோமி 21 (டவுன் நோய்க்குறி) உள்ளவர்களைப் பாருங்கள். எஸ்.ஓ.டி.1 மரபணு 21ஆம் குரோமோசோமில் இருப்பதால் அவர்களிடம் நொதி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அப்படியிருந்தும் கதிர்பட்ட அவர்களது லிம்ஃபோசைட்டுகளில் டைசென்ட்ரிக், வளையம் ஆகிய குரோமோசோம் சிதைவுகள் கூடுதல். சசாகியும் டோனோமுராவும் 1969லேயே இதை எழுதிவிட்டார்கள். பழுதுநீக்கக் குறையையும் சிலர் காரணமாகச் சொல்வதுண்டு. எது காரணமானாலும், எஸ்.ஓ.டி. ஏறினால் உடைவு இறங்கும் என்ற நேர்க்கோடு அங்கே நிற்கவில்லை.

அந்த நேர்க்கோட்டை நம்பித்தான் இன்றும் நோயாளிகளை ஒரே கூட்டமாகச் சேர்க்கிறார்கள். யாருக்கு மருந்து உதவியது, யாருக்கு உதவவில்லை என்பது சராசரிக்குள் புதைந்துபோகிறது. சிவப்பணுவின் காட்டலேஸைப் பார்க்க ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் போதும். டைசென்ட்ரிக் எண்ணும் கை எந்த உயிரியல் டோசிமெட்ரி ஆய்வகத்திலும் உண்டு. ஈரல் நொதிகளை வரி விடாமல் கேட்கும் ஒழுங்குமுறையாளர்கள், இந்த மருந்தின் பலனைத் தீர்மானிக்கும் நொதிகளைக் கேட்பதில்லை. சொன்னால் ‘கூடுதல் செலவு’ என்ற பதில் வருகிறது. மூன்றாம் கட்டச் சோதனை முழுவதையும் இழப்பது எவ்வளவு செலவு? அந்த ஏழு வாரமும் விழுங்க முடியாமல் கிடந்த நோயாளிக்கு என்ன கணக்கு சொல்வார்கள்? கதிர்க்கற்றையைச் சென்டிகிரே கணக்கில் அளக்கும் துறை, அதை வாங்கும் செல்லின் தற்காப்பை அளக்க மறுப்பதற்கு மன்னிப்பே இல்லை.

கதிர்ப்பாதுகாப்பு மருந்துச் சோதனைகளைப் பற்றிக் கட்டுரை அனுப்புவோர், முதல் கதிருக்கு முன் எடுத்த எஸ்.ஓ.டி., காட்டலேஸ் அளவுகளையும் இணையுங்கள். அவை இல்லாத கட்டுரைகளை இந்த இதழ் இனி மதிப்பாய்வுக்கு அனுப்பாது.