ஹெட்போனும் ஒரு தராசுதான்

எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் விற்கும் நம் உறுப்பினர் பலருக்கு இன்று ஹெட்போன் ஒரு முக்கியச் சரக்கு. சில நூறு ரூபாயில் தொடங்கி லட்ச ரூபாயைத் தாண்டுவது வரை எத்தனையோ ரகங்கள் வந்துவிட்டன. ஆனால் இதை வாங்க வருபவர்களில் இரண்டு வகையினர் உண்டு என்பதை நம்மில் பலர் இன்னும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒருவர் பாட்டுக் கேட்டு மகிழ வாங்குகிறார். மற்றவர் அதை வைத்துத் தொழில் செய்ய வாங்குகிறார். முதலாமவருக்கு இனிமையான ஒலி வேண்டும். இரண்டாமவருக்கு உண்மையான ஒலி வேண்டும். இருவருக்கும் ஒரே பேச்சைப் பேசி ஒரே சரக்கைத் தள்ளிவிடுகிறோம். அதனால் இரண்டாமவர் மறுமுறை நம் கடைப்படி ஏறுவதில்லை.

தொழில்முறை ஒலிப்பதிவாளருக்கு ஹெட்போன் என்பது மளிகைக் கடைக்காரருக்குத் தராசு போன்றது. தட்டில் வைத்த பொருளின் எடையை உள்ளது உள்ளபடி காட்ட வேண்டும். கூட்டியும் காட்டக் கூடாது, குறைத்தும் காட்டக் கூடாது. தராசுக்கும் எடைக்கற்களுக்கும் அரசாங்க முத்திரை உண்டு. ஹெட்போன் நடுநிலையாக ஒலிக்கிறதா என்று பார்த்து முத்திரை வைக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். அதை விற்கும் வியாபாரியின் சொல்தான் அங்கே முத்திரை. ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி நாம் கற்றுக்கொண்டாக வேண்டும் என்பதே என் கருத்து.

வாடிக்கையாளர் பெருகிவிட்டார்

ஒரு காலத்தில் ஒலிப்பதிவுத் தொழில் என்றால் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் இருந்த சினிமா ஸ்டூடியோக்கள்தான். அவர்கள் தங்களுக்கு வேண்டியதை நேராக வரவழைத்துக்கொண்டார்கள். இன்று நிலைமை அப்படியில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்பவர், பக்திப் பாடல் பதிவு செய்பவர், யூடியூப் சானல் நடத்துபவர், ஒலிநூல் வாசிப்பவர், டப்பிங் கலைஞர் என்று மதுரையிலும் திருச்சியிலும் கோவையிலும் சின்ன அறைகளில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பெரிய ஸ்பீக்கர் வைத்து, அறைச் சுவர்களைச் சரிசெய்ய இவர்களில் பலருக்கு வசதி இல்லை. ஹெட்போனை நம்பியே இவர்கள் பிழைப்பு நடக்கிறது. இவர்கள் ரிச்சி தெருவுக்கும் வருகிறார்கள். உங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கும் வருகிறார்கள்.

இப்படி ஒருவருக்கு, "பாஸ் நல்லா அதிரும் சார், எடுத்துக்குங்க" என்று ஒரு ஹெட்போனைக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த ஹெட்போன் இல்லாத பாஸை இருப்பதாகக் காட்டும். அவர் அதிகம் என்று நினைத்துப் பதிவில் பாஸைக் குறைத்துவிடுவார். பாட்டு வெளியே போய்க் காரிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் ஒலிக்கும்போது மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போயிருக்கும். அதேபோல டிரெபிளை அமுக்கிக் காட்டும் ஹெட்போனில் வேலை செய்தவர் அதை ஏற்றிவைப்பார். கேட்பவர் காதில் ஒவ்வொரு 'ஸ'காரமும் ஊசியாய்க் குத்தும். பழி ஒலிப்பதிவாளர் மேல் விழும். அடுத்த வேலை அவருக்குக் கிடைக்காது. நாம் விற்ற ஒரு பொருள் ஒருவருடைய பிழைப்பில் கை வைக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

விலையும் பெட்டியும் சாட்சி அல்ல

"விலை அதிகம் என்றால் தரமும் அதிகம்" என்று கவுன்ட்டரில் சொல்வது நமக்குச் சுலபம். ஆனால் 2017-ல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து ஆராய்ந்தார். ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கும் சில்லறை விலைக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்றே முடிவு வந்தது. விலை கூடும்போது கட்டுமானம், பொருளின் உழைப்பு, பெயர், அழகு இவை கூடலாம். ஒலியின் நேர்மை தானாகக் கூடிவிடாது.

பெட்டியின் மேல் "5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை" என்று அச்சடித்திருப்பார்கள். மனிதக் காது கேட்பதே சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்லாத எண்ணால் பயன் இல்லை. "இந்தத் தராசு 1 கிராம் முதல் 100 கிலோ வரை நிறுக்கும்" என்று மட்டும் சொல்லி, எவ்வளவு பிசகும் என்பதை மறைப்பது போன்றது அது.

நடுநிலை என்றால் காகிதத்தில் நேர்கோடு என்றும் நினைத்துவிடக் கூடாது. நம் காது மடலும் காதுக் குழாயும் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியை இயல்பாகவே உயர்த்திக் கொடுக்கின்றன. எதிரே ஸ்பீக்கர் ஒலித்தால் இந்த உயர்வு தானாக நேர்ந்துவிடும். காதோடு ஒட்டிய ஹெட்போன் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் எப்படி ஒலிக்குமோ அதற்கு நெருங்கிய ஒலியே கேட்பவர்களுக்குச் சரியாகப் படுகிறது என்று அமெரிக்காவில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2012 முதல் நடத்திய சோதனைகளில் தெரியவந்தது. இன்று பல மாடல்களின் அளவீட்டு வரைபடங்கள் எளிதில் கிடைக்கின்றன. கொள்முதல் செய்யும் முன் அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

தொழிலுக்கென்று ஹெட்போன் கேட்பவரிடம் விலையைச் சொல்லும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: "என்ன வேலைக்கு?" மைக் முன்னால் நின்று பாடுபவருக்கும் டப்பிங் பேசுபவருக்கும் மூடிய வகை வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்போனில் ஓடும் தாளம் கசிந்து மைக்கில் ஏறிவிடும். 1991-ல் வந்த சோனி எம்.டி.ஆர். 7506, பேயர்டைனமிக் டி.டி. 770 போன்றவை இந்த வகை. பதிவு முடிந்து மிக்சிங் செய்பவருக்குத் திறந்த வகை பெரும்பாலும் பொருந்தும். ஒலி காதுக்குள் அடைபடாமல் இயல்பாக விரியும். 1997-ல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600, 2022-ல் வந்த நாய்மன் என்.டி.எச். 30 ஆகியவை அந்த வகை. மூடியது, திறந்தது இரண்டுமே நல்ல சரக்குதான்; வேலைதான் வேறு. பெயர் பெற்ற மாடல்கள் எல்லாம் ஒரே மாதிரி நடுநிலையானவை என்றும் சொல்லிவிட முடியாது. பேயர்டைனமிக் டி.டி. 990-ல் டிரெபிள் தூக்கலாக இருக்கும். அது தெரிந்து வாங்குபவருக்குக் குறையில்லை. தெரியாமல் வாங்குபவருக்குத்தான் நஷ்டம்.

இரண்டாவது கேள்வி: "எதில் சொருகப் போகிறீர்கள்?" எச்.டி. 600-ன் மின்தடை 300 ஓம். டி.டி. 770 ப்ரோ 80 ஓமிலும் வருகிறது, 250 ஓமிலும் வருகிறது. உயர்ந்த ஓம் உள்ளதைச் சாதாரண லேப்டாப்பில் சொருகினால் பல நேரங்களில் போதிய சத்தம் எழாது. வாடிக்கையாளர் மறுநாளே வந்து "பீஸ் சரியில்லை" என்பார். பீஸில் குறையில்லை, நாம் கேட்காமல் விட்டதுதான் குறை. அவரிடம் நல்ல ஆடியோ இன்டர்பேஸோ, ஹெட்போன் ஆம்ப்ளிபயரோ இல்லையென்றால் குறைந்த ஓம் உள்ளதைக் கொடுக்க வேண்டும். அல்லது ஆம்ப்ளிபயரையும் சேர்த்து விற்க வேண்டும். புளூடூத் ஹெட்போனை இந்த வேலைக்குப் பரிந்துரைக்கக் கூடாது. அதில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். உதட்டசைவோடு பொருத்திப் பார்க்க முடியாது. சத்தம் நீக்கும் வசதியும் பல மாடல்களில் ஒலியின் நிறத்தை மாற்றிவிடுகிறது.

மூன்றாவது கேள்வி: "நாளுக்கு எத்தனை மணி நேரம் மாட்டுவீர்கள்?" நான்கு மணி நேரம் மாட்டினால் அரை இஞ்ச் இறுக்கமும் தலைவலியாகிவிடும். கண்ணாடி அணிந்தவர் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காம்பு காது மெத்தையைத் தூக்கிவிட்டால், மூடிய வகையில் பாஸ் கசிந்து குறையும். கூடவே ஒரு நல்ல வார்த்தையும் சொல்லலாம். பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு அளவு. காதுதான் அவருடைய மூலதனம். மூலதனம் போனால் அவரும் இல்லை, நம் வியாபாரமும் இல்லை.

தட்டில் விரல் வைக்காதீர்கள்

இரண்டு ஹெட்போன்களை மாற்றி மாற்றிக் காட்டும்போது, எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாகக் காது ஏமாந்துவிடும். இது தெரிந்த விற்பனையாளர், தள்ள நினைக்கும் சரக்குக்கு வால்யூமைச் சற்று ஏற்றிவைப்பார். இது தராசுத் தட்டில் விரல் வைப்பதற்குச் சமம். இரண்டையும் ஒரே அளவில் ஒலிக்கவைத்துக் காட்டுவதே நியாயம். கடையில் ஓடும் அதிரடிப் பாட்டைப் போடாமல், "நீங்கள் பதிவு செய்த எதையாவது கொண்டுவந்து கேளுங்கள்" என்று சொல்லுங்கள். தன் குரலும் தன் பதிவும் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஐந்து நிமிடத்தில் அவரே முடிவு செய்வார். அப்படி முடிவு செய்தவர் திருப்பிக் கொடுக்க வருவது அபூர்வம்.

போலிச் சரக்கு

இந்தத் தொழிலை அரிப்பது போலிச் சரக்கு. அச்சு அசல் பெட்டி, அதே எழுத்து, பாதி விலை. வெறும் பாட்டுக் கேட்பவர் ஏமாந்தால் காசோடு போகும்; ஒலிப்பதிவாளர் ஏமாந்தால் அவர் செய்து கொடுத்த வேலைகள் அத்தனையும் கெட்டுவிடும். சட்டமும் சும்மா விடாது. 1999-ம் ஆண்டு வர்த்தகக் குறிகள் சட்டத்தின் 104-வது பிரிவின்படி, போலிக் குறியிட்ட சரக்கை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "மொத்த வியாபாரி கொடுத்தார், நான் விற்றேன்" என்று சொன்னால் மட்டும் போதாது. முறையான பில் கையில் இருக்க வேண்டும். யாரிடம் வாங்கினோம் என்று சொல்ல முடிய வேண்டும். இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்தே கொள்முதல் செய்யுங்கள்.

அசல் சரக்கே ஆனாலும், இந்தியாவில் உத்தரவாதம் இல்லாமல் வேறு வழியாக வந்ததென்றால் அதையும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரருக்கு முறையான பில் இருந்தால்தான் உள்ளீட்டு வரிச் சலுகை கிடைக்கும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருவதைவிட, பில்லோடு நியாய விலையில் தருவதே அவருக்கும் லாபம்.

ஆன்லைனுக்கு என்ன பதில்?

"நம் கடையில் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறார்கள், நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று உறுப்பினர்கள் கேட்பது நியாயமான கேள்வி. டெமோ பீஸில் முடங்கும் பணமும் நம் பணம்தான். அப்படிப் போகிறவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தொழில்முறை வாடிக்கையாளருக்கு நாளை காலை ரெக்கார்டிங் இருக்கும்போது இன்று மாலை கேபிள் அறுந்து போகும். காது மெத்தை வியர்வையில் உரிந்து போகும். மெத்தை நைந்தால் ஒலியே மாறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய கடை. மெத்தை, கேபிள், மாற்று பிளக், ஆம்ப்ளிபயர் இவற்றை வைத்திருப்பவரிடம்தான் அவர் அடுத்த ஹெட்போனையும் வாங்குவார்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. செல்போன் மாடல் ஆறு மாதத்தில் பழசாகிவிடும், சரக்கு முடங்கும். எம்.டி.ஆர். 7506-ம் எச்.டி. 600-ம் கால் நூற்றாண்டைத் தாண்டியும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. இப்படிப்பட்ட சரக்கில் போட்ட முதல் அவ்வளவு சீக்கிரம் மங்கிப்போகாது. மொத்த வியாபாரிகள் இருபது மாடலைப் பரப்பாமல், மூடிய வகையில் இரண்டு, திறந்த வகையில் இரண்டு என்று தேர்ந்தெடுத்து, அவற்றின் உதிரிபாகங்களோடு இருப்பு வைக்கலாம். சில்லறைக் கடைக்காரர்கள் ஊருக்கு ஒருவராவது ஒரு டெமோ பீஸ் வைக்கலாம்.

நம் சங்கமும் ஒரு காரியம் செய்ய வேண்டும். அனுபவமுள்ள ஒலிப்பதிவாளர் ஒருவரை அழைத்து, கடை ஊழியர்களுக்கு அரை நாள் பயிற்சி நடத்த வேண்டும். மூடியது எது, திறந்தது எது, ஓம் என்றால் என்ன, நடுநிலை ஒலி எப்படி இருக்கும் என்று நம் பையன்கள் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.