தண்ணீருக்கு ஏன் தடை?

அகச்சிவப்பு நிறமாலையியல் பற்றிப் படிக்கும்போது ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: 'நீர்க்கரைசல்களுக்கு இம்முறை ஏற்றதன்று.' நாமும் அதை எழுதி இரண்டு மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். அவ்வரி பாதி உண்மையே என்பது என் கருத்து.

மாதிரியை வைக்கும் கலத்தின் சாளரங்கள் பெரும்பாலும் சோடியம் குளோரைடு அல்லது பொட்டாசியம் புரோமைடால் ஆனவை. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். உப்பினால் ஜன்னல் வைத்துவிட்டு மழையை ஏசுவானேன்? கரையாத கால்சியம் புளோரைடுச் சாளரம் இருக்கிறதே! தண்ணீரே 3400, 1640 செ.மீ.⁻¹ அருகில் கதிர்களை விழுங்கிவிடுகிறது என்பதுதான் பெரிய இடையூறு. அதற்கும் 1960-ஐ ஒட்டி ஹாரிக், ஃபாரன்ஃபோர்ட் ஆகியோர் வழி கண்டனர். படிகத்தினுள் கதிர் முழு எதிரொளிப்பு அடையும்போது, மேலுள்ள கரைசலுக்குள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு ஆழமே எட்டிப் பார்க்கிறது. ஒரு துளி கரைசல் போதும்.

உப்பைக் கரைத்தால் எதைக் காண்போம்? சல்பேட் அயனி 1100 அருகே தன்னைக் காட்டிக்கொள்ளும். சோடியம், குளோரைடு ஆகியவை ஒற்றை அணு அயனிகள். அவற்றுக்கெனப் பிணைப்பு இல்லை, எனவே அதிர்வும் இல்லை. ஆனால் மக்னீசியம், அலுமினியம் போன்ற சிறிய, மின்சுமை மிகுந்த அயனிகள் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றுவதால் தண்ணீரின் பட்டையே உருமாறுகிறது. எது இடையூறு என்றோமோ அதுவே சாட்சி சொல்கிறது! (எங்கள் கிணற்று நீரின் கடினத்தன்மையை அளக்க இது வேண்டாம், ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தலே போதும்.)

1888-இல் நம் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. இராமன் 1928-இல் கண்ட விளைவு நீர்க்கரைசல்களுக்கு இன்னும் பொருத்தமானது. அதில் தண்ணீரின் குறுக்கீடு மிகக் குறைவு. சூரிய ஒளியும் வண்ண வடிகட்டிகளும் கொண்டே அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் தொடங்கினர். பிப்ரவரி 28-ஆம் நாள் ஆண்டுதோறும் நாம் பேச்சுப்போட்டி வைக்கிறோம். ஒரு நிறமாலையை யாரும் நமக்குக் காட்டுவதில்லை. நாளை அரியலூர் சிமெண்ட் ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை கேட்டு நிற்கும்போது, கருவியையே கண்டதில்லை என்று சொல்லும் பட்டதாரியை யார் ஏற்பார்கள்? வீட்டில் முதன்முதலாகப் படிப்பவர்கள் நம்மில் பலர். வேறெங்கும் போய்ப் பார்த்துக்கொள்ள நமக்கு வழியில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் ரஞ்சன்குடிக் கோட்டைக்குச் சுற்றுலா வரும் பேருந்தை ஓராண்டு மட்டும் கருவியுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குத் திருப்புங்கள். கோட்டை எங்கும் போய்விடாது. மயில்துத்தக் கரைசல் ஒரு புட்டியில் நாங்களே கொண்டுவருகிறோம்.