சின்ன வீட்டுக்குள் ஒரு குடில்

பள்ளங்கி மாதிரி மலைக்கிராமத்துச் சின்ன வீட்டில் ஆளுயர கிறிஸ்துமஸ் மரம் வைத்தால், ராத்திரி பாய் விரிக்க இடமிருக்காது. ஜன்னல் திட்டே போதும். தோட்டத்தில் கவாத்து செய்த சைப்ரஸ் கிளையை ஈரமணல் தொட்டியில் நட்டு வையுங்கள். காட்டில் ஒடிக்க வேண்டாம்; கொடைக்கானல் காடுகளில் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம்.

பிசினுள்ள கிளை காய்ந்தால் குப்பென்று பற்றும். மெழுகுவத்தி வேண்டாம், எல்.இ.டி. சரம் போதும். அதைவிட முக்கியம் கரியடுப்பு. குளிருக்குப் பயந்து அதை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

குடில் பெரிதாக இல்லையே என்று பிள்ளைகள் சிணுங்குவார்கள். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்ததே வைக்கோல் தொட்டி, மாடு, கழுதைதான். பழைய செருப்பு டப்பாவும் கொஞ்சம் வைக்கோலும் கிடைத்தால் வேலை முடிந்தது. குழந்தை இயேசு சுரூபத்தை 24-ம் தேதி நள்ளிரவில் வைக்கலாம். வைக்கும் உரிமை வீட்டின் கடைக்குட்டிக்கு!