கெய்ரோவைக் கொன்றது ஆறு அல்ல

அமெரிக்காவின் இலினோய் மாநிலத் தென்கோடியில், ஒகையோ ஆறும் மிசிசிப்பி ஆறும் சங்கமிக்கும் முனையில் அமைந்துள்ளது கெய்ரோ. அலெக்சாண்டர் மாவட்டத்தின் நிர்வாகத் தலைநகர் அது. உள்நாட்டுப் போரின்போது, 1861 இல், ஜெனரல் கிராண்ட் தமது தலைமையகத்தை அமைத்த இடமும் அதுவே. 1920 இல் அந்நகரில் 15,203 பேர் வாழ்ந்தனர். 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி எஞ்சியோர் 1,733 பேர். 2010 இற்கும் 2020 இற்கும் இடையில் அமெரிக்காவிலேயே மிகக் கூடிய விகிதத்தில் மக்களை இழந்த மாவட்டமும் அலெக்சாண்டர்தான். மூன்றிலொரு பங்கினருக்கு மேல் அங்கு இல்லாது போயினர்.

காரணம் கேட்டால் ஆயத்தமாக ஒரு விடை கிடைக்கும். நீராவிக் கப்பல்களின் காலம் முடிந்தது. 1889 இல் ஒகையோ மீது புகையிரதப் பாலம் எழுந்தது. 1978 இல் 57 ஆம் இலக்க அதிவேக நெடுஞ்சாலை ஊரை விலக்கிச் சென்றது. இவை யாவும் உண்மையே. ஆயினும் அரை உண்மை. குற்றமிழைத்தோர் ஒளிந்துகொள்ள வசதியான அரை உண்மை.

நீராவிக் கப்பல் மறைந்தது கெய்ரோவுக்கு மட்டுமா? அதே ஒகையோ கரையில், ஒரு மணிநேரப் பயணத் தூரத்துக்குள் இருக்கும் பாதூக்காவில் 2020 இல் சுமார் 27,000 பேர் வாழ்ந்தனர். அங்கு அணுத் தொழிற்சாலை வந்தது, அது அதிர்ஷ்டம் என்பர். சரி, கெய்ரோ தனக்கிருந்த வளத்தை என்ன செய்தது?

1909 இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பரை, விசாரணையின்றி, ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று கொன்றனர். 1962 இல் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட நீச்சல் தடாகத்துக்கு எதிராக இளைஞர்கள் போராடினர். கறுப்புச் சிறுவரோடு தம் பிள்ளைகள் நீந்துவதிலும் பார்க்கத் தடாகமே வேண்டாமென்று அதை மூடினர். பின்னர் சீமெந்திட்டு நிரப்பினர். 1967 இல் கறுப்பினச் சிப்பாய் ரொபேர்ட் ஹன்ட் பொலிஸ் காவலில் இறந்தார். தற்கொலை என்றது பொலிஸ். மக்கள் நம்பவில்லை, வீதிக்கு இறங்கினர். தேசியக் காவல்படை வரவழைக்கப்பட்டது.

1969 இல் ஐக்கிய முன்னணியாகத் திரண்ட கறுப்பின மக்கள், தமக்கு வேலைதர மறுத்த கடைகளைப் பகிஷ்கரித்தனர். பல கடைக்காரர்கள் வேலை கொடுக்கவில்லை. கடையையே இழுத்து மூடினர். இரவுகளில் துப்பாக்கிகள் முழங்கின. அத்தகைய ஊரில் எந்த முதலாளி பணம் போடுவான்?

1986 இல் வைத்தியசாலையும் மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கான அலட்சியத்தால் பாழடைந்த தொடர்மாடிகளைத் திருத்துவதற்குப் பதிலாக, 2017 இல் சமஷ்டி அரசின் வீடமைப்புத் திணைக்களம் நூற்றுக்கணக்கானோரை வெளியேறச் சொன்னது. வெளியேறியோருட் பெரும்பாலானோர் கறுப்பின ஏழைகள். வேலைக்காகப் போராடியவர்களின் சந்ததி, இறுதியில் வீட்டையும் இழந்தது.

பாலமும் நெடுஞ்சாலையும் கெய்ரோவின் வருமானத்தைக் குறைத்தன. எஞ்சியதைப் பகிர்ந்துண்ண மறுத்தவர்களே அதை அழித்தனர். பொருளாதார வீழ்ச்சி என்ற பெயரில் அவர்களை வரலாறு விடுதலை செய்யக்கூடாது.