கண் பரிசோதனைகளில் தொற்றுத் தடுப்புச் சாதனங்கள் கோரி மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவள்ளூர்.

நகல்: இணை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள், இணை இயக்குநர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம்.

அனுப்புநர்:
தொழிலாளர் சங்கத்தினர், கும்மிடிப்பூண்டி சிப்காட்.

மதிப்பிற்குரியீர்,

எங்கள் உறுப்பினர்களில் பலர் கிரைண்டிங், வெல்டிங் வேலை செய்கிறவர்கள். கண்ணில் இரும்புத்தூள் தெறித்தால் அதை எடுக்க ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியின் முன் தாடையை வைத்து உட்கார வேண்டும். அப்போது மருத்துவர் முகத்துக்கும் தொழிலாளி முகத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. இருவர் மூச்சும் நேருக்கு நேர் மோதும்.

வூஹான் கண் மருத்துவர் லீ வென்லியாங் 2020 பிப்ரவரியில் கொரோனாவால் உயிரிழந்தார். அறிகுறியே இல்லாத கண் நோயாளி ஒருவரிடமிருந்து தமக்குத் தொற்றியதாக அவர் கருதினார். கொரோனா காலத்தில் பல இடங்களில் ஸ்லிட் லேம்பில் மூச்சுத் தடுப்புத் தகடு மாட்டினார்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிக்கூடச் செய்தார்கள். எனவே செலவைக் காரணம் காட்ட இதில் இடமில்லை. மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளிலும் ஆலைகளில் நடக்கும் முகாம்களிலும் உள்ள ஒவ்வொரு ஸ்லிட் லேம்புக்கும் பெரிய அளவு அக்ரிலிக் தகடு பொருத்த உத்தரவிட வேண்டுகிறோம். தகடு இருந்தாலும் இருவருக்கும் முகக்கவசம் கட்டாயம்.

மெட்ராஸ் ஐ வேறு விதம். அது மூச்சைவிடக் கைவழியாகவும் கருவிவழியாகவும்தான் அதிகம் பரவுகிறது. அதைப் பெரும்பாலும் உண்டாக்கும் அடினோ வைரஸ் காய்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். கண் அழுத்தம் பார்க்கும் டோனோமீட்டர் முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது அதற்குப் போதாது. பத்தில் ஒரு பங்காக நீர்த்த பிளீச் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் நன்கு அலசி உலர்த்த வேண்டும். கரைசல் மிச்சமிருந்தால் கருவிழி புண்ணாகும். காத்திருக்கும் வரிசையை இந்த ஊறவைப்பு நிறுத்திவிடாமலிருக்க ஒவ்வொரு கருவிக்கும் கூடுதல் முனைகள் தேவை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் முனைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. தாடைத்தாங்கியையும் நெற்றிப்பட்டையையும் ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைக்க வேண்டும். சிவந்த கண்ணோடு வருபவர்களுக்குத் தனி வரிசையும் தனிச் சொட்டுமருந்துப் புட்டியும் வேண்டும்.

தூசி எடுக்கப் போனவர் மெட்ராஸ் ஐயோடு திரும்பினால் பாதிப்பு அவரோடு நிற்பதில்லை. ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் ஒரே அறையில் பலராகத் தங்குகிறார்கள். அறை முழுவதும் பரவுகிறது. சம்பளம் போய்விடுமே என்று நோயை மறைத்து வேலைக்கு வருகிறவர்களும் உண்டு. ஆகவே மருத்துவச் சான்று பெற்றவர்களுக்கு ஊதியத்துடன் விடுப்பு வழங்க ஆலை நிர்வாகங்களை அறிவுறுத்துமாறும், முகாம் அறிவிப்புகளை இந்தியிலும் ஒடியாவிலும் வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் இங்கு மெட்ராஸ் ஐ அதிகம் பரவுகிறது. அதற்கு முன்பே இச்சாதனங்களை வழங்கி, முகாம்களை ஆய்வு செய்ய ஓர் அலுவலரை நியமிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்