வாக்கும் சோதனையும்

நம் சங்கங்களில் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு உண்டு. நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதற்கு இதனினும் நேர்மையான முறை வேறில்லை. ஆயினும் வாக்கெடுப்பால் தீராத வழக்குகளும் உள. ஒரு மருந்து பயிர்நோயைப் போக்குமா, ஒரு சாயம் வெயிலுக்கு நிற்குமா என்பன அத்தகையவை. நூறு கைகள் உயர்ந்தாலும் வெளுக்கும் சாயம் வெளுத்தே தீரும். அங்ஙனமாயின் இவ்வழக்குகளில் தீர்ப்புக் கூறுவது யார்?

இதற்கு விடை தரும் வரலாறு ஒன்று பட்டுத் தொழிலிலேயே உண்டு. பிரான்சு நாட்டில் 1853-இல் 2 கோடியே 60 லட்சம் கிலோவாக இருந்த பட்டுக்கூடு விளைச்சல், 1865-இல் 40 லட்சம் கிலோவாக வீழ்ந்தது. புழுக்களின் மேனியில் மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகள் தோன்றின, புழுக்கள் மடிந்தன. கந்தகம், கரித்தூள், சாம்பல், மதுவகைகள் என ஆளுக்கொரு மருந்து கூறினர். குடியானவர்கள் அனைத்தையும் செய்து பார்த்து அலுத்தனர்.

அவ்வாண்டு லூயி பாஸ்டர் அங்கு அனுப்பப்பட்டார். அவர் ரசாயன அறிஞர். பட்டுப்புழு வளர்ப்பில் அனுபவம் சிறிதும் இல்லாதவர். நோயுற்றவற்றின் உடலில் நுண்துகள்கள் இருப்பதை இத்தாலிய அறிஞர்கள் முன்னரே கண்டிருந்தனர். ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிடச் செய்து, பின்னர் அதனை நீர்விட்டு நசுக்கி, உருப்பெருக்கிக் கருவியில் பார்த்து, துகள் காணப்பட்டால் முட்டைகளை அழித்துவிடலாம் என்பது பாஸ்டரின் முறை.

பலர் நம்பவில்லை. பாஸ்டர் சொற்போரில் மட்டும் இறங்கி நிற்கவில்லை. 1866-இல் 14 தொகுதி முட்டைகளின் தாய்ப்பூச்சிகளைப் பரிசோதித்து, மறு ஆண்டு ஒவ்வொன்றும் எவ்வாறு விளையும் என்று எழுதி, உறையை முத்திரையிட்டு, சென் ஹிப்போலித் என்னும் ஊரின் நகரத் தலைவரிடம் ஒப்படைத்தார். 1867-இல் குடியானவர்கள் தம் விளைச்சலைத் தெரிவித்த பின்னரே உறை திறக்கப்பட்டது. 12 தொகுதிகளில் அவர் எழுதியது அப்படியே பலித்திருந்தது. அழியும் என்று அவர் எழுதிய மற்ற இரண்டும் பாதி விளைச்சல் தந்தன. அவ்விரண்டும் மறைக்கப்படவில்லை, கணக்கில் ஏறின.

மற்றொன்றும் நாம் மறக்கலாகாது. அத்துகள்கள் வெளியிலிருந்து தொற்றும் ஒட்டுண்ணிகளே என்று பேஷாம் என்ற அறிஞர் கூறியபோது, பாஸ்டர் அதனை ஏற்கவில்லை. பின்னர்த் தம் சோதனைகளே தமக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கண்டு கருத்தை மாற்றிக்கொண்டார். பெரியவர் சொன்னார் என்பது விஞ்ஞானத்தில் சான்றாகாது; அப்பெரியவர் பாஸ்டரே ஆயினும் சரி. அவருடைய முறை நிலைத்தது புகழால் அன்று. பிறர் பிற இடங்களில் செய்து பார்த்தபோதும் பலித்ததால்தான். இன்றும் நம் நாட்டு முட்டை உற்பத்தி நிலையங்களில் தாய்ப்பூச்சியைச் சோதித்த பின்னரே முட்டைகள் வழங்கப்படுகின்றன.

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்கையில், ரசீது எங்கே என்று கேட்கிறோம். தலைவர் நல்லவர் என்பதற்காக அதனை விட்டுவிடுவதில்லை. புதிய உரமோ, விதையோ, சாயமோ கொண்டுவந்து புகழ்பவரிடமும் அவ்வாறே கேட்போமாக. என்ன பலன், எத்தனை நாளில் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குவோம். ஒரே மண்ணில் பாதிக்கு இட்டு, பாதிக்கு இடாமல் வைப்போம். பொய்த்ததையும் பலித்ததோடு சேர்த்து எண்ணுவோம். பக்கத்து ஊர்ச் சங்கமும் செய்து பார்க்கட்டும். அதன்பின் வாங்கலாமா என்று வாக்கெடுப்போம். சோதனை முந்தி, வாக்கு பிந்தி என்ற வரிசை தவறினால், இழப்பது அங்கத்தினரின் வியர்வைப் பணமே.