உறக்கமின்றி வாடுபவரைப் பழிக்காதீர்

இரவெல்லாம் படுக்கையில் புரள்பவரைப் பார்த்து, “ஈமான் குறைவு, அதனால்தான் உறக்கமில்லை” என்று சொல்லிவிடுகிறோம். இது நியாயமாகுமா?

உறக்கம் இறைவனின் அருட்கொடை என்பதைத் திருமறை நமக்கு உணர்த்துகின்றது. அது ஒருவருக்குத் தடைப்படுவது பாவமன்று. அதற்குக் காரணம் உண்டு. கடன் சுமையும் மகளின் திருமணக் கவலையும் கண்களை மூட விடுவதில்லை. மூட்டுவலியும் மூச்சுத்திணறலும் சிலரை எழுப்பிவிடுகின்றன. மாலையில் அருந்திய தேநீரின் காஃபீனில் பாதியளவு, ஏறக்குறைய 5 மணி நேரம் கழிந்தும் உடலில் தங்கிவிடுகின்றது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. நாமோ கைப்பேசியுடன் நள்ளிரவைக் கடக்கின்றோம்!

வாரத்தில் 3 இரவுகளேனும் உறக்கம் கெட்டு, 3 மாதங்கள் அவ்வாறே நீடித்தால் அது நாள்பட்ட நோய், மருத்துவரை நாடவேண்டும். தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி விழுங்குவது தீங்கு தரும். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளப் பணித்த மார்க்கமன்றோ நம்முடையது!

ஆகவே, துஆவும் செய்வோம், மருத்துவமும் தேடுவோம். நம் வீட்டில் உறங்காதிருப்பவரிடம் குறை காணாது, “உங்கள் கவலை என்ன?” என்று கனிவோடு கேட்போமாக!